ஆணியில் மாட்டிய பிளாப்பி

அவளுடைய நாற்காலியில் வேறு ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

தீர்த்தம்மாள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். குடை முனையிலிருந்து ஐப்பசி மழை சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் லீவு முடிந்து, கடத்தூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, தருமபுரி பஸ் நிலையத்திலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்திருந்தாள்.

அவன் திரும்பவில்லை. கன்னத்தில் கை வைத்தபடி கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் பார்த்தாள்.

திரை முழுக்க இதயங்கள்.

சின்னச் சின்ன இதயங்கள்... நடுநடுவே சிரிக்கிற முகங்கள், சீட்டுக்கட்டுச் சின்னங்கள், தலைகீழான கேள்விக்குறிகள். நோயாளிகளின் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில்!

குடை நழுவிக் கீழே விழுந்தது.

"என்ன பண்ணீங்க இதை?"

அவன் திரும்பினான். இரவு சரியாகத் தூங்காத கண்கள். ஆனாலும் அவசரமில்லாத கண்கள்... கேள்வியை வாங்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் வைத்திருந்து, அப்புறம்தான் பதிலைத் தேடும் கண்கள்.

"பெங்களூர்ல இருந்து வந்திருக்கேங்க. சர்வீஸ் இன்ஜினியர். பேரு மாதப்பன்."

பெங்களூரிலிருந்து வந்த கம்ப்யூட்டர் இன்ஜினியருக்கு மாதப்பன் என்று தருமபுரிப் பக்கத்துப் பெயரா? வேறொரு நாளாக இருந்திருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

"நேத்து கரண்டு வந்து வந்து போனதுல மிஷின் எந்திரிக்கவே இல்லீங்க. டாக்டர் போன் பண்ணினார். மிஷினை ஓட்டற டாஸ் புரோகிராம் கெட்டுப் போயிருந்துச்சு. உங்க ஃபைலையெல்லாம் பிளாப்பியில எடுத்து வெச்சிட்டு, டிஸ்க்கைச் சுத்தமா அழிச்சு, டாஸைப் புதுசாப் போட்டேன். திரும்ப எல்லாத்தையும் ஏத்தினா..." திரையைக் காட்டினான். "இப்படி வருது."

அழித்து... அந்த ஒரு வார்த்தை போதும். அவள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

அது 1989. தருமபுரியில் கம்ப்யூட்டர் இருந்த இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். டாக்டர் இன்னாசியின் காசநோய் ஆஸ்பத்திரி அதில் ஒன்று. பென்னாகரம் பக்கத்து மலைக்கிராமங்களிலிருந்து வரும் நோயாளிகளின் விவரம் முழுவதையும் பதினொரு மாதமாக உட்கார்ந்து ஏற்றியவள் தீர்த்தம்மாள்தான். ஊருக்கு ஒரு ஃபைல். நூற்றுப் பன்னிரண்டு ஊர்கள். யார், எந்த மாத்திரை, எத்தனையாவது மாதம். திங்கட்கிழமை காலையில் மாத்திரை ஜீப் மலைக்குப் புறப்படும்போது அந்தப் பட்டியல் கையில் இருந்தாக வேண்டும். ஒரு மாதம் விட்டுப்போனால் போன நோய் இரண்டு மடங்காகத் திரும்பி வரும்.

"கையால எழுதின பழைய கார்டு இருக்குங்களா?" என்று அவன் கேட்டான்.

"போன மழையில நனைஞ்சு மை ஓடிப் போச்சு."

அவன் விசைப்பலகையைத் தள்ளி வைத்தான். மழை மட்டும் ஓட்டின்மேல் பேசிக்கொண்டிருந்தது.

கடைசியில் அவள்தான் சொன்னாள். "எல்லாத்தையும் சுருக்கி வெச்சிருந்தேன்."

"என்னது?"

இருபது மெகாபைட் ஹார்டு டிஸ்க் நிரம்பி ஆறு மாதம் ஆகிவிட்டது. இன்னொரு டிஸ்க் கேட்டால், காசு இதற்கே போதவில்லை என்று டாக்டர் மாத்திரைப் பெட்டிகளைக் காட்டுவார். அப்போதுதான் தோழி ஷகிலா ஒரு பிளாப்பியைக் கொடுத்தாள். அதில் ஒரு சிறிய புரோகிராம். கம்ப்யூட்டர் விழிக்கும்போதே அதுவும் விழித்துக்கொள்ளும். எழுதும்போது எழுத்துகளை நெருக்கி அடுக்கும். படிக்கும்போது விரித்துக் காட்டும். ஒரு கட்டிலில் இரண்டு பேரைப் படுக்க வைக்கும் ஆஸ்பத்திரிக்கு ஏற்ற புரோகிராம்தான்! அது விழித்திருக்கும் வரை யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அது இல்லாவிட்டால்... இதயங்களும் சிரிக்கிற முகங்களும்தான்.

"அந்த புரோகிராம் டிஸ்க்குல இல்லவே இல்லீங்களே! நான் ஒன்னு விடாமப் பார்த்துத்தான் எடுத்தேன்."

"இருந்துச்சு. கண்ணுக்குத் தெரியாம மறைச்சு வெச்சிருந்தேன்."

"ஏங்க?"

"டாக்டருக்குத் தெரியாத பேருல எதைப் பார்த்தாலும் கிருமின்னு நெனச்சு அழிச்சிடுவார்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். அது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"சிரிக்காதீங்க. அடுத்தவங்க வூட்டுச் சாமானை அள்ளி வெளிய போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கணும்ல? ஒரு நாள் பொறுத்திருந்தா நான் வந்திருக்க மாட்டேனா?"

"மறைச்சு வெச்சவங்க ஒரு சீட்டாவது எழுதி ஒட்டியிருக்கணும்ல? நான் என்ன ஜோசியக்காரனா?"

இருவருக்கும் முகம் சிவந்தது. இருவர் சொன்னதும் உண்மை. அதனால்தான் இருவராலும் பொறுக்க முடியவில்லை.

அவள் சட்டென்று எழுந்தாள். "அந்த ஃபைல் எதையாவது திறந்து, திரும்ப சேவ் பண்ணீங்களா?"

"இல்லீங்க. பார்த்ததோட சரி."

"அப்படின்னா உள்ளுக்குள்ள கெடலை. புரோகிராம் மட்டும் கெடைச்சாப் போதும்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "ஷகிலா கல்யாணமாகி துபாய் போயிட்டா. அவ குடுத்த பிளாப்பி எங்க வூட்டுல இருக்குது. கடத்தூர்ல..."

"பத்திரமா இருக்குதுங்களா?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "ஆணியில மாட்டியிருக்குது."

* * *

பஸ்ஸில் அவள் முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். அவன் நான்கு வரிசை பின்னால்.

'நீங்க இருங்க, நானே போய் எடுத்துட்டு வரேன்' என்று அவள் சொல்லித்தான் பார்த்தாள். 'ஆணியில மாட்டின பிளாப்பிங்கறீங்க... எந்த நெலமையில இருக்குதுன்னு நான் பார்த்துத்தான் தொடணும்' என்று குடையை எடுத்து நீட்டிவிட்டான். அவள் கீழே போட்ட குடை. எப்போது மடித்து வைத்தான் என்று தெரியவில்லை.

ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்தது. மாதப்பன் அவள் பின்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவள் சொன்னதில் பாதிதான் அவனுக்குக் கோபம். மீதிப் பாதி உறைத்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் விழித்ததும் முதலில் படிக்கும் ஃபைல் ஒன்று உண்டு. அந்தப் புரோகிராமை எழுப்பும் வரி அதில் இருந்திருக்கும். மறைத்து வைத்த வரி அல்ல, யாரும் படிக்கக்கூடிய வரி. அவன்தான் படிக்கவில்லை. பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு, தன் வழக்கமான ஃபைலை வைத்துவிட்டான். சீக்கிரம் முடித்தால் சாயங்கால ரயிலைப் பிடிக்கலாம் என்ற நினைப்பு...

மன்னிப்புக் கேட்டுவிடலாம். ஆனால் அவள் முதலில் கேட்கட்டுமே...

முன் சீட்டில் அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கடத்தூரில் இறங்கியபோது மழை தூறலாகியிருந்தது. ஒரே குடை. அவள் அதை அவனிடம் கொடுத்தாள். அவன் அவள் தலைக்கு மேல் பிடித்தான். இருவரும் நனையாமல் இருக்க, நெருங்கி நடப்பது என்ற ஒரே வழிதான் இருந்தது. அதற்கு இருவருக்கும் கூச்சமாக இருந்தது. கடைசியில் இருவருமே பாதிப் பாதி நனைந்தார்கள்.

"என்னம்மா, காலையிலதான போன?" என்று அவளுடைய அப்பா வெங்கடாசலம் பட்டியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"பிளாப்பி வேணும்ப்பா. இவரு கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றவரு."

"ஓ... கம்ப்யூட்டருக்கு டாக்டருங்களா! வாங்க தம்பி, உள்ளார வாங்க."

கூடத்துச் சுவரில் தினசரிக் காலண்டர். அதற்குப் பக்கத்தில், நட்ட நடு ஓட்டையில் ஆணி நுழைந்து, கறுப்புச் சதுரமாக அந்த பிளாப்பி. ஒரு மூலையில் குங்குமப் பொட்டு.

மாதப்பன் அதைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவள் கூரையைப் பார்த்தாள்.

"வர்றவங்களுக்கெல்லாம் காட்டறதுங்க" என்றார் வெங்கடாசலம் பெருமையாக. "நூறு ஊரு சனத்தோட பேரு இந்த அட்டைக்குள்ளாற இருக்குதுன்னா எவனும் நம்ப மாட்டேங்கறான். நேத்து பொண்ணு பாக்க வந்தாங்களே, அந்த மாப்ள, 'இதுல என்ன பாட்டு இருக்குது'ன்னு கேக்கறான்!"

"அப்பா!"

மாதப்பனின் கை பிளாப்பியருகே போய் நின்றது. ஒரு கணம்தான். பிறகு ஓட்டையின் விளிம்பு ஆணியில் உரசாமல், தூங்கும் குழந்தையிடமிருந்து பொம்மையை எடுப்பதுபோல் அதைக் கழற்றினான். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். புகை, தூசி, உள்ளே ஒரு துளி குங்குமம்.

"முடியுங்களா?" என்றாள் மெதுவாக.

"தெரியலீங்க. முயற்சி பண்ணலாம்."

அம்மா தங்கம்மாள் விடவில்லை. களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டுவிட்டுத்தான் மறுவார்த்தை. அவன் குனிந்து அமைதியாகச் சாப்பிட்டான். இரண்டாவது உருண்டையையும் வாங்கிக்கொண்டான்.

"பெங்களூருக்காரரு களி சாப்பிடறாரே!" என்றாள் தங்கம்மாள்.

"சொந்த ஊரு ஏரியூருங்க. அம்மா அங்கதான் இருக்காங்க. காட்டுல கம்பும் ராகியும்தான்."

தங்கம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். மகள் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

புறப்படும்போது வெங்கடாசலம் யூரியா மூட்டையின் உள்பையைக் கழுவித் துடைத்து எடுத்து வந்தார். பிளாப்பியை அதில் சுற்றி, மேலே தன் துண்டையும் சுற்றினார். "வேலை முடிஞ்சா திருப்பிக் கொண்டாந்து குடுத்துடணும் தம்பி. செவுரு வெறிச்சுன்னு இருக்குது பாருங்க."

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். கிடைத்தது இருவர் உட்காரும் ஒரே சீட்டு. நடுவில் துண்டு மூட்டை. பாதி வழி வரைக்கும் பேச்சே இல்லை. அந்த மௌனம் காலையில் இருந்த மௌனமாக இல்லை என்பது மட்டும் இருவருக்கும் தெரிந்தது.

"பொண்ணு பாக்கத்தான் லீவுங்களா?"

"ம்."

ஒரு நிறுத்தம் வந்து போனது.

"என்ன சொன்னீங்க?"

"இன்னும் எதுவும் சொல்லல. வேலையை விட்டுடணுமாம்."

இன்னொரு நிறுத்தம்.

"விடாதீங்க" என்றான். உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

* * *

வார்டிலிருந்து ஸ்பிரிட், பஞ்சு, ஒரு பிளேடு. மாதப்பன் மேஜைமேல் செய்தித்தாளை விரித்தான்.

பிளாப்பியின் உறையை ஓரமாகக் கீறினான். உள்ளே இருந்த மெல்லிய பழுப்புத் தகட்டை வெளியே இழுத்தான். பஞ்சை நனைத்து, உள்ளிருந்து வெளியே, உள்ளிருந்து வெளியே... வட்டமாகத் தேய்க்கவே இல்லை. குங்குமம் பஞ்சில் இளஞ்சிவப்பாக வந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். இத்தனை பொறுமை உள்ள மனிதன் நேற்று மட்டும் எப்படி அவசரப்பட்டான்? கேட்கவில்லை. கேட்டால் அவன் பதில் சொல்லிவிடுவான் என்று பயமாக இருந்தது.

புது பிளாப்பி ஒன்றைக் கீறி, அதன் உறைக்குள் பழைய தகட்டை நுழைத்தான்.

"நீங்களே போடுங்க."

"எனக்குப் பயமா இருக்குது."

"எனக்கும்தான்."

அவள் போட்டாள். டிரைவ் கரகரத்தது. நின்றது. திரையில் ஒரு வரி எழுந்தது: படிக்க முடியவில்லை. கைவிடவா? மறுபடி முயலவா?

அவள் 'ஆர்' எழுத்தை அழுத்தினாள். மறுபடி.

கரகர. அதே கேள்வி. மறுபடி. அதே கேள்வி.

நான்கு... ஐந்து... மலைமேல் ஒரு குடிசை வாசலில் ஜீப்புக்காகக் காத்திருக்கும் ஆண்டி அவள் கண்ணில் தெரிந்தார். ஐந்து மாதம் முடித்துவிட்டார், இன்னும் ஒரே மாதம். அவர் பெயர் இந்த மிஷினின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. இல்லை, இப்போது அதிலும் இல்லை... கண் கலங்கிவிட்டது. விசை தெரியவில்லை.

மாதப்பன் கை நீட்டி, அவள் விரல் நின்ற அதே விசைக்கு மேல் தன் விரலை வைத்தான். விரல்மேல் விரல். அழுத்தினான்.

ஆறு. ஏழு.

எட்டாவது தடவை கேள்வி வரவில்லை.

டிரைவ் சீராக ஓடியது. விளக்கு அணைந்தது. 'ஒரு ஃபைல் நகலெடுக்கப்பட்டது' என்றது திரை.

இருவரும் அசையவில்லை. விரலும் அசையவில்லை. பிறகு நெருப்பைத் தொட்டதுபோல் இருவரும் ஒரே நேரத்தில் கையை எடுத்தார்கள்.

துவக்க ஃபைலில், புரோகிராமை எழுப்பும் அந்த ஒற்றை வரியை அவள் திரும்ப எழுதிச் சேர்த்தாள். இயந்திரத்தை அணைத்து, மறுபடி எழுப்பினாள். முதல் ஊரின் ஃபைலைத் திறந்தாள்.

இதயங்கள் இல்லை. சிரிக்கிற முகங்கள் இல்லை.

ஆண்டி. வயது ஐம்பத்திரண்டு. ஐந்தாம் மாதம் முடிந்தது.

அதன் கீழே முனியம்மாள். அதன் கீழே... பெயர்கள் வரிசையாக இறங்கின. தீர்த்தம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். வெளியே மாலை வெயில் ஈர மரங்கள்மேல் மஞ்சளாக விழுந்திருந்தது. மழை எப்போது நின்றது என்று இருவருக்குமே தெரியவில்லை.

* * *

மறுநாள், சனிக்கிழமை காலை, சேலம் போயிருந்த டாக்டர் இன்னாசி திரும்பி வந்தபோது, அச்சிட்ட பட்டியல் மேஜைமேல் அடுக்கியிருந்தது. பக்கத்தில் ஒரு காகிதம். சர்வீஸ் ரிப்போர்ட். மாதப்பன் எழுதிக் கையெழுத்திட்டிருந்தான். கையெழுத்துப் போட வேண்டிய இன்னொருவர் போட மறுத்து நின்றுகொண்டிருந்தார்.

"என்னம்மா தகராறு?"

"பொய் எழுதியிருக்காரு டாக்டர்."

டாக்டர் கண்ணாடியை மாட்டிப் படித்தார். 'பழுதுக்குக் காரணம்: துவக்க ஃபைலைப் படிக்காமலும், இயக்குபவரைக் கேட்காமலும் இன்ஜினியர் டிஸ்க்கை அழித்தது.'

"இதைக் கம்பெனியில பார்த்தா உன்னைச் சும்மா விடுவாங்களா தம்பி?"

"விடமாட்டாங்க சார். ஆனா நடந்தது அதுதான்."

"அது பாதிதான் டாக்டர்" என்று அவள் பேனாவைப் பிடுங்கி அடியில் எழுதினாள். 'புரோகிராமை யாருக்கும் சொல்லாமல் மறைத்து வைத்தது இயக்குபவர்.' எழுதிவிட்டுக் கையெழுத்திட்டாள். தீர்த்தம்மாள் என்று முழுப் பெயரும்.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஊர்ல குத்தத்தை அடுத்தவன்மேல தள்ளத்தான் அடிச்சிக்குவாங்க. நீங்க ரெண்டு பேரும் எனக்கு எனக்குன்னு அடிச்சிக்கறீங்க." பட்டியலை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போய்விட்டார்.

அறையில் இருவர் மட்டும்.

மாதப்பன் பையை மூடினான். திறந்தான். மறுபடி மூடினான். "பதினொரு மணி ரயில்..." என்றான்.

"ம்."

கதவு வரை போனான். நின்றான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே அவள் காத்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. அவளுக்கும் மௌனம் பிடிக்கும். ஆனால் சில மௌனங்களைத் தாண்டி ரயில் போய்விடும்...

"ஏதாச்சும் விட்டுப் போச்சுங்களா?" என்றாள்.

"ஒன்னு இருக்குது. ரிப்போர்ட்டுல எழுத முடியாது."

"அப்படின்னா சொல்லிட்டுப் போங்க. மறைச்சு வெச்சா என்ன ஆகும்னு ரெண்டு பேரும் பார்த்தோம்ல?"

அவன் திரும்பினான். அதே கண்கள். அவசரமில்லாத கண்கள். இன்று நன்றாகத் தூங்கியிருந்தும் அவற்றில் ஏதோ கலங்கியிருந்தது.

"நேத்து காலையில கதவுக்கிட்ட நின்னு திட்டினீங்களே... அப்பவே. குடையைக் கீழ விட்டுட்டு நின்னீங்களே, அப்பவே உங்களைப் புடிச்சுப் போச்சுங்க. கோவமா இருந்ததுனால தெரியல. பஸ்ல தெரிஞ்சுது." நிறுத்தினான். "பெங்களூர் போனாலும் இது அழியாதுன்னு தோணுதுங்க."

அவள் குனிந்தாள். மேஜையடியிலிருந்து துண்டு மூட்டையை எடுத்து அவன் கையில் வைத்தாள். உள்ளே, தகட்டைப் பழைய உறைக்குள் திரும்ப நுழைத்து ஒட்டிய பிளாப்பி. குங்குமப் பொட்டு அப்படியே.

"அப்பா திருப்பிக் குடுக்கச் சொன்னாருல்ல?"

"தபால்ல..."

"தபால்ல அனுப்பினா நனைஞ்சுடும்." அவள் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "புதன்கிழமை நீங்களே கொண்டு வாங்க. உங்க அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. அதுக்குள்ள அந்த எடம் வேண்டாம்னு நான் வூட்டுல சொல்லிடறேன்."

அவன் மூட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். தலையை ஆட்டினான். அது போதுமாக இருந்தது.

கேட்டைத் தாண்டி அவன் போவதை ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, தீர்த்தம்மாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அந்தப் புரோகிராமின் பெயரை அடித்தாள். இந்த முறை மறைத்து வைக்கவில்லை. எல்லா ஃபைல்களுக்கும் முன்னால், யார் பார்த்தாலும் தெரியும்படி வைத்தாள்.

வார்டிலிருந்து திரும்பிய டாக்டர் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"இது என்னம்மா புதுசா? எடுத்துடலாமா?"

"வேண்டாங்க டாக்டர்" என்றாள் தீர்த்தம்மாள். "இது இருந்தாத்தான் எனக்கு எல்லாம் படிக்க வரும்."